ஆயாம்மா படுத்துப் பார்த்த கார்

அறுபதுகளின் ஆரம்பம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பித்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஆஸ்பத்திரி என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். வாடகை வீட்டின் முன்பக்கத்தில் நாலு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நான், எனக்குத் துணையாக ஓர் ஆயாம்மா. வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டிய பிரசவம் என்றால் ஊருக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். மற்றதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம்.

எனக்கு அப்போது முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆயாம்மாவுக்கு நாற்பது இருக்கும். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். மற்ற நாட்களில் எனக்கு முன்னால் வந்து தண்ணீர் கொதிக்க வைத்திருப்பார்.

கிராமங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் பஸ்ஸில் போவோம். பஸ் போகாத இடத்துக்கு ஜட்கா, அதுவும் போகாவிட்டால் நடை. ஒரு தடவை நத்தம் ரோட்டில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, இறந்து, துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்தத் தாய் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கு முடிவு செய்தேன், கார் வாங்கியே ஆக வேண்டும் என்று. புதுக் கார் கேட்டுப் பதிவு செய்தால் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. பழைய கார்தான் வழி. என் கல்யாணத்துக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்ததைக் கேட்டேன். "கல்யாணக் காசுல கார் வாங்குற பொண்ண நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

கார் ஓட்ட எனக்கு ஏற்கெனவே தெரியும். மெட்ராஸில் படிக்கும்போது தோழி ஒருத்தியின் அண்ணன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது நானும் கற்றுக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் காலியான ரோட்டில் ஓட்டுவோம். வேகம் எனக்குப் பிடிக்கும். ஒரு டாக்டர், அதுவும் பெண், இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். உபயோகமாக இருக்க வேண்டும், ஓட்டினால் மனசு துள்ளவும் வேண்டும். இப்படி ஒரு காரை மனசுக்குள் வைத்துக்கொண்டு தேடினேன்.

பேகம்பூரில் ஒரு தரகர் பாய் இருந்தார். பழைய கார், பழைய லாரி எது எங்கே விலைக்கு வந்தாலும் அவருக்குத் தெரியும். அவர் முதலில் காட்டியது ஒரு வக்கீலின் பெரிய கறுப்புக் கார். நான் முன்பக்கம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆயாம்மாவைக் காணோம். அவருடைய செருப்பு மட்டும் கார்க் கதவுக்கு வெளியே ஜோடியாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன ஆயாம்மா பண்றீங்க?"

"பிள்ளைத்தாச்சியப் படுக்க வைக்க முடியுதான்னு பாக்கேன். இது தாராளமா இருக்கு டாக்டரம்மா."

பாய் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தாடியைத் தடவினார். வக்கீலின் குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினார்.

அந்தக் காரை ஓட்டிப் பார்த்தேன். சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்கியது. வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தது நாலு கதவு வைத்த சின்னக் கார். அதிலும் ஆயாம்மா படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கு வேண்டாம்.

மூன்றாவது காரைப் பார்க்க வத்தலக்குண்டுக்குப் போனோம். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் தோட்டத்தையும் காரையும் விற்றுவிட்டு வெளியூர் போகிறார் என்றார் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நின்றது. இரண்டே கதவு. பச்சை நிறம். தரையோடு தரையாகப் பதிந்த உடம்பு, மடக்கினால் மடங்கும் கேன்வாஸ் கூரை. முன்னால் இரண்டு சீட். பின்னால் சீட் என்று ஒன்று இருந்தது. பையை வைக்கலாம், ஆள் உட்கார்ந்தால் அது தண்டனை.

கொடைக்கானல் ரோட்டில் மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டதுமே முன்னால் பாய்ந்தது. வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. இறங்கும்போதே என் முகத்தைப் பார்த்து பாய் வியாபாரம் முடிந்தது என்று தெரிந்துகொண்டார்.

ஆயாம்மா மட்டும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"இதுல நான் உக்காந்தாலே முழங்கால் நெஞ்ச இடிக்கும். பிள்ளைத்தாச்சிய எங்க வைப்பீக டாக்டரம்மா, மடியிலயா?"

"நாம சீக்கிரம் போய்ச் சேர்றதுக்குத்தான் கார். நோயாளியைக் கூட்டிட்டு வர பஸ் இருக்கு, வண்டி இருக்கு."

"பஸ் இருக்குல்ல. அப்ப நாமளும் பஸ்லயே போயிரலாமே."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நத்தம் ரோட்டில் நடந்ததை மறந்துவிட்டீர்களா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். காரை வாங்கிக்கொண்டு திண்டுக்கல் வந்து சேரும் வரை அவர் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "காத்து நல்லாத்தான் வருது" என்றார்.

நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகவே போனது. இரண்டு கிராமங்களில் சரியான சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு தாய்க்கு ரத்தப்போக்கை நிறுத்த முடிந்தது. நான் செய்ததுதான் சரி என்று உள்ளூரக் கர்வமாகவும் இருந்தது. ஆயாம்மாவும் மறுத்து எதுவும் சொன்னதில்லை.

மார்கழி கடைசி. பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும். காலையில் பத்து மணி வாக்கில் ஓர் ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒரு கிராமம். அவருடைய தம்பி மனைவிக்கு இரண்டாவது பேறுகாலம். விடியற்காலையிலிருந்து வலி இருந்தும் ஒன்றும் நகரவில்லை, ஊர் மருத்துவச்சி டாக்டரைக் கூட்டி வரச் சொல்லிவிட்டாள் என்றார். அவரை அடுத்த பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு நானும் ஆயாம்மாவும் கிளம்பினோம். பழனி ரோட்டில் அரை மணிக்குள் போய்விட்டோம்.

ஊர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு பர்லாங் உள்ளே. வண்டிப் பாதையில் என் காரை விட்டால் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். ரோட்டோரம் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தோம்.

இருபது, இருபத்தோரு வயதுப் பெண். வலியிலும் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. அடுத்த நிமிஷம் என் கையில் தொப்புள்கொடி தட்டுப்பட்டது. குழந்தையின் தலைக்கு முன்னால் கொடி வந்துவிட்டது.

இதைவிடப் பயப்பட வேண்டிய நிலைமை பிரசவத்தில் அதிகம் இல்லை. தலை இறங்கி அந்தக் கொடியை அழுத்தினால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒரே வழி, கையை உள்ளேயே வைத்துத் தலையை மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதுவரை தாய் இடுப்பை உயர்த்திப் படுத்தே இருக்க வேண்டும். நான் கையை எடுக்கவே கூடாது. கொடி என் விரலுக்கு நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்புத்தான் குழந்தை.

கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள். நான் குனிந்தபடி கூடவே நடந்தேன். ஊர்ப் பெண்கள் சுற்றிலும் சேலைகளைப் பிடித்து மறைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் மாமியார் அவள் தலைமாட்டில் நடந்துகொண்டே, "செத்த நேரம் பொறுத்துக்க ஆத்தா, செத்த நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ரோட்டுக்கு வந்து கட்டிலை இறக்கினார்கள். என் பச்சைக் கார் புளியமரத்தடியில் பளபளவென்று நின்றது. கட்டில் தூக்கிய ஒருவர், "கார்ல ஏத்திருவமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

எதில் ஏற்றுவது? முன் சீட்டில் உட்கார வைத்தால் குழந்தை போய்விடும். பின்னால் ஒரு பச்சைக் குழந்தையைத்தான் படுக்க வைக்கலாம். அப்படியே எப்படியோ திணித்தாலும் நான் எங்கே இருப்பது, யார் ஓட்டுவது? ஆயாம்மா முன் சீட்டை மடக்கித் தள்ளிப் பார்த்தார், கையால் முழம் போட்டுப் பார்த்தார், திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

விரலுக்கு நடுவில் துடிப்பு கொஞ்சம் மெதுவானது போலத் தோன்றியது. அது நிஜமா, என் பயமா, தெரியவில்லை.

அப்போது ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. ஆயாம்மா நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரை இடிக்காமல் தாண்ட முடியாது. கார் கிறீச்சென்று நின்றது.

சாம்பல் நிறத்தில் சின்னக் கார். உள்ளே கூரை வரைக்கும் கொய்யாப் பழக் கூடை. தோளில் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, திண்டுக்கல் சந்தைக்குப் பழம் கொண்டுபோகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, இப்படி நடு ரோட்டுல நின்னா..." என்று ஆரம்பித்தவர், கட்டிலைப் பார்த்தார். சேலை மறைப்பைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஊர், என்ன ஆள், என்ன ஆச்சு, எதுவும் கேட்கவில்லை. நேரே காரின் பின்பக்கம் போனார். அங்கே நான் அதுவரை எந்தக் காரிலும் பார்த்திராத ஒரு கதவு இருந்தது. மேல் பாதி மேலே திறந்தது, கீழ்ப் பாதி கீழே சாய்ந்தது. கூடைகளை இழுத்து ரோட்டோரம் கவிழ்க்க ஆரம்பித்தார்.

"தூக்கிப் போடுங்க எல்லாரும். நசுங்குனா நசுங்கட்டுமுங்க."

இரண்டு நிமிஷத்தில் கார் காலி. பின் சீட்டை ஏற்கெனவே மடக்கிப் போட்டிருந்ததால் உள்ளே ஒரே தளமாக இருந்தது. கூடைகளுக்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோல் மேல் ஒரு சேலையை விரித்து, போர்வையோடு சேர்த்து அந்தப் பெண்ணை உள்ளே சறுக்கி ஏற்றினார்கள். இடுப்புக்குக் கீழே வைக்கோலைக் குவித்து உயரம் பண்ணினோம். நான் அவள் காலடியில் மண்டியிட்டேன். என் கால் பாதி வெளியே, சாய்ந்த கதவின் மேல். கூடை கட்டும் கயிற்றை அவர் என் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து உள்ளே எதிலோ முடிச்சுப் போட்டார். மாமியார் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து மருமகள் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆயாம்மாவுக்கு இடம் இல்லை.

"நீங்க போங்க டாக்டரம்மா. நான் காரையும் பழத்தையும் பாத்துக்கிறேன்" என்றார்.

அந்த மனிதர் கார் ஓட்டியதை எப்படிச் சொல்வது? குனிந்தே இருந்ததால் எனக்கு முன்னால் இருந்த ரோடு தெரியவில்லை. பக்கவாட்டில் பின்னால் ஓடுகிற புளியமரங்கள்தான் தெரிந்தன. அவை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நான் என் பச்சைக் காரில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. ஆனால் உடம்பில் அதிர்வு தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் குரல் கொடுத்தார்.

"பள்ளம் வருதுங்க... இப்ப."

நான் கையை இறுக்கிக்கொள்வேன். கார் மெல்ல இறங்கி ஏறும்.

"வலப்பக்கம் ஒடிக்கறனுங்க... இப்ப. மாட்டு வண்டி ஒண்ணு... தாண்டியாச்சுங்க."

எங்களுக்கு முன்னால் போன பஸ்ஸை நாங்கள் ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போதே பிடித்துத் தாண்டிவிட்டோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அந்த பஸ் திண்டுக்கல் ஸ்டாண்டில் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் அதைக் கடந்து போனோம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துடிப்பு என் விரலில் விடாமல் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் படி வரைக்கும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். நல்ல வேளை, சர்ஜன் இருந்தார். மேஜையில் ஏற்றி, வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கும் வரை நான் கையை எடுக்கவில்லை. பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயைத் துடைத்தாள், மறுபடியும் தட்டினாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நல்ல அழுகை. அப்போதுதான் என் வலது கையை மடக்க முடியவில்லை என்று உணர்ந்தேன்.

வெளியே வந்தேன். அவர் குழாயடியில் காரின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு உசுருமுங்களா?"

"ரெண்டும்" என்றேன்.

தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சரிங்க. வாங்க, உங்க காரையும் அந்த அம்மாவையும் அங்கயே உட்டுட்டு வந்துட்டமுங்க."

திரும்பிப் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரோட்டோரம் ஒரு பழத்தைக்கூடக் காணோம். என் பச்சைக் காருக்குள் பார்த்தால் முன் சீட், பின் சீட், கால் வைக்கிற இடம், ஸ்டீயரிங்குக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் கொய்யாப் பழம். ஊர்ப் பெண்கள் இரண்டு பேரோடு ஆயாம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வேப்பங்குச்சி.

நான் சொல்லும் முன்னே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் காரைக் காட்டி, "ஆடு வந்துருச்சு டாக்டரம்மா. அதான் உள்ள அள்ளிப் போட்டேன். பழம் ஏத்துறதுக்குன்னா இந்தக் கார் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாக மாறிவிட்டது. ஆயாம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். "நீங்க சொன்னது சரி ஆயாம்மா. நான்தான் கேக்கல" என்றேன். "நீங்க போற அவசரத்தப் பாத்தீக, நான் வாற அவசரத்தப் பாத்தேன். அம்புட்டுத்தான்" என்றார்.

பழத்தையெல்லாம் கூடையில் நிரப்பி ஏற்றினோம். நசுங்கியதற்கு என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். "கிளி கொத்துனதுன்னு நெனச்சுக்கறனுங்க" என்றார். உங்கள் காரை எனக்குக் கொடுப்பீர்களா, என் காரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்.

"இது என்ற சோறுங்க, தர முடியாதுங்க. ரெண்டு வருசம் தேடி எடுத்ததுங்க. கொய்யா ஒரு நாள் தாமசிச்சாக் கனிஞ்சு போகும். லாரி மாதிரி ஏத்தோணும், லாரி மாதிரி ஊரக்கூடாது. அதுக்குன்னே பாத்து வாங்குனனுங்க."

நானும் கிட்டத்தட்ட இதைத்தான் தேடினேன். அவர் பழத்தை மனசில் வைத்துக்கொண்டு தேடினார். நான் என்னை மட்டும் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்.

பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். என் ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சாம்பல் கார் வந்து நின்றது. உடுமலைப்பேட்டையில் இதே மாதிரிக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். வேலையைப் போட்டுவிட்டு அவரே எங்களைக் கூட்டிப் போனார். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், டயரைத் தட்டினார், அடியில் படுத்துத் துரு பார்த்தார். ஆயாம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முழங்காலை மடக்கினார், நீட்டினார், ஒருக்களித்துப் படுத்தார். "டாக்டரம்மா, நீங்களும் வந்து காலடியில உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இடம் இருந்தது. கீழ்க் கதவை மூடியும் இடம் இருந்தது.

அன்றைக்கே பேசி முடித்து, திரும்பி வரும்போது அதை நானே ஓட்டினேன். பழனி தாண்டி நேர் ரோடு வந்ததும் லேசாக அழுத்திப் பார்த்தேன். கார் சட்டென்று எடுத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த கொய்யாக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தன் காரையும் கொஞ்சம் விரட்டினார். ஆயாம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பச்சைக் காரை பாய் மூலமாகவே ஒரு புகையிலை வியாபாரியின் மகனுக்குக் கொடுத்தேன். அவன் ஓட்டிக்கொண்டு தெரு முனையைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

புதிதாக வந்த காரைப் பதினோரு வருஷம் ஓட்டினேன். அந்தக் கொய்யாக்காரரை அதற்குப் பிறகு ரோட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்; ஹாரன் அடித்துக்கொண்டு போவோம். அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ அவர் கடைசி வரை என்னிடம் கேட்டதில்லை. ரெண்டு உசுருமா என்று மட்டும்தான் கேட்டார்.

இன்றைக்கும் ரோட்டில் யாராவது கை காட்டினால், என்ன ஏது என்று விசாரிக்கிற எண்ணம் எழும் முன்னே என் கால் பிரேக்கைத் தொட்டுவிடுகிறது. அந்தப் பழக்கம் படிப்பில் வந்ததல்ல, ஒரு மார்கழி மாதம் பழனி ரோட்டில் அன்றைக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.